தரவும் தரவையும்

(கல்லூரியின் நூற்றாண்டையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் ஒழுங்குசெய்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தலைப்பை அனுப்பியவுடன் செயலாளர் எனக்குத் தொலைபேசி எடுத்து, "அக்கா, எழுத்துப்பிழை ஏதும் வந்துவிட்டதா?" என்று கேட்டார். பிழை இல்லை. தரவு என்பது நான் தொழிலாக நாள் முழுவதும் கையாளும் பொருள்: செய்மதிகள் பூமியைப் பார்த்து அனுப்பும் எண்கள். தரவை என்பது உங்களில் வடமராட்சியிலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள் இன்று காலையும் கடந்து வந்த இடம். வல்லை வெளியில் வீதிக்கு இரண்டு பக்கமும் மாரியில் தண்ணீராகவும் கோடையில் காய்ந்து வெடித்த வெறும் நிலமாகவும் கிடக்கிறதே, அது. மாடு மேயும், பறவை வரும், பயிர் வராது. இந்த இரண்டு சொற்களும் சந்திக்கிற இடத்தில்தான் என் வேலையின் சிக்கல் முழுவதும் இருக்கிறது. அதைப் பற்றித்தான் கதைக்க வந்திருக்கிறேன்.

செய்மதிப் படம் என்றவுடன் நாங்கள் ஒரு புகைப்படத்தை நினைக்கிறோம். உண்மையில் அது ஓர் எண் அட்டவணை. நிலத்தைச் சிறு சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலிருந்தும் எவ்வளவு ஒளி தெறித்து மேலே வருகிறது என்று அளந்து எழுதிய கணக்கேடு. கண்ணுக்குத் தெரியும் நிறங்களோடு கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிரையும் அளப்பார்கள். பச்சை இலை அந்தக் கதிரை மிகவும் பலமாகத் தெறிக்கச் செய்யும். தண்ணீர் அதை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே அந்த ஒரு எண்ணைப் பார்த்தே இது பயிர், இது குளம் என்று ஓரளவுக்குச் சொல்லிவிடலாம்.

இப்படி எண்ணாக அளக்கும் கருவியை வடிவமைத்தவர் ஒரு பெண். பின்வரிசைப் பிள்ளைகள் இந்தப் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: வேர்ஜீனியா நோர்வூட். 1927 இல் பிறந்தவர், 1947 இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. நிறுவனத்தில் பட்டம் பெற்றவர். காலநிலை பலூன்களை ராடாரில் பின்தொடர்வதற்கான தெறிகருவி ஒன்றை இளவயதிலேயே வடிவமைத்தவர். பிறகு ஹியூஸ் விமான நிறுவனத்தில் நெடுங்காலம் வேலை செய்தார். பூமியைப் பார்ப்பதற்கென்றே ஒரு செய்மதி அனுப்பப் போகிறார்கள் என்றபோது, அவர் விவசாய ஆய்வாளர்களையும் புவிச்சரிதவியலாளர்களையும் தேடிப் போய், "உங்களுக்கு எந்த நிறம் வேண்டும்?" என்று கேட்டார். அவர்கள் சொன்னதை வைத்துத் தன் கருவியை வரைந்தார். செய்மதியின் பிரதான கருவி அதுவல்ல. தொலைக்காட்சிக் கமரா போன்ற வேறொன்றுக்குத்தான் முதலிடம் கொடுத்திருந்தார்கள். நோர்வூட்டின் கருவி, செக்கனுக்குப் பதின்மூன்று தடவை அசையும் ஒரு கண்ணாடியைக் கொண்டது; அசைகிற எதுவும் விண்ணில் நிலைக்காது என்று சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். 1972 ஜூலை 23 இல் செய்மதி ஏவப்பட்டது. மின்சாரக் கோளாறினால் பிரதான கமராவைச் சில வாரங்களிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. நோர்வூட்டின் கண்ணாடி ஆண்டுக்கணக்காக அசைந்துகொண்டிருந்தது. அந்தச் செய்மதிதான் பிறகு லாண்ட்சற் 1 என்று பெயர் பெற்றது. அந்த வரிசை இன்றுவரை அறவில்லை. அவர் 2023 இல் காலமானார்.

ஒரு சதுரம் எவ்வளவு பெரிது என்று கேட்பீர்கள். எங்கள் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். ஏக்கருக்குப் பதினாறு பரப்பு. நோர்வூட்டின் முதற் கருவியில் ஒரு சதுரம் ஏறத்தாழ இருபத்தைந்து பரப்பு. அதற்குள் நாலைந்து வீட்டு வளவு, ஒரு ஒழுங்கை, கோயில் எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு எண்ணாகிவிடும். 1980களில் வந்த லாண்ட்சற்றில் ஒரு சதுரம் மூன்றரைப் பரப்பு. 2015 முதல் ஐரோப்பியரின் சென்ரினல் 2 செய்மதிகள் தரும் சதுரம் பத்து மீற்றருக்குப் பத்து மீற்றர். அதாவது நாலு பேர்ச்சஸ். கிணற்றடியையும் தோட்டத்தையும் பிரித்துப் பார்க்கலாம். ஆளைப் பார்க்க முடியாது. பிள்ளைகள் பயப்பட வேண்டாம்.

இந்த எண்கள் நீண்ட காலமாகப் பணக்காரருக்கு மட்டுமே உரியவையாக இருந்தன. 1980களில் லாண்ட்சற்றைத் தனியாரிடம் ஒப்படைத்த பிறகு ஒரு படத்தின் விலை நாலாயிரம் டொலரையும் தாண்டியது. ஒரு பல்கலைக்கழக மாணவி தன் ஊரின் பத்து வருட மாற்றத்தைப் பார்க்க விரும்பினால் வீட்டை விற்க வேண்டியிருக்கும். அதனால் ஆய்வாளர்கள் எந்தப் படம் வேண்டும் என்பதை விட எந்தப் படத்தை வாங்க முடியும் என்றே யோசித்தார்கள். இதை மாற்றியதில் இன்னொரு பெண்ணுக்குப் பெரிய பங்குண்டு. அமெரிக்கப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தில் புவியியற் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த பார்பரா றயன், பொதுப்பணத்தில் எடுத்த படம் பொதுமக்களுக்கு இலவசமாகவே கிடைக்க வேண்டும் என்று நின்றார். 2008 இல் அது கொள்கையாகி, முழு ஆவணக் களஞ்சியமும் திறந்துவிடப்பட்டது. விலை இருந்த காலத்தில் மிகக் கூடிய விற்பனை நடந்த ஆண்டிலும் ஒரு நாளைக்கு ஐம்பத்துச் சொச்சம் படங்கள்தான் போயின. இலவசமான பிறகு சில ஆண்டுகளுக்குள் அது நாளுக்கு ஐயாயிரத்தைத் தாண்டியது. ஐரோப்பியரும் தங்கள் சென்ரினல் தரவை முதல் நாளிலிருந்தே இலவசமாக வைத்தார்கள்.

இலவசமாகக் கிடைத்தால் மட்டும் போதாது. சென்ரினல் செய்மதிகள் மட்டுமே நாளொன்றுக்குப் பத்து டெராபைட்டுக்கு மேல் தருகின்றன. உங்கள் வீட்டுக் கணினி அதை இறக்கி முடிப்பதற்குள் அடுத்த நாளுடையது வந்து நிற்கும். ஆகவே வழி தலைகீழானது. முன்பு தரவை எங்களிடம் கொண்டுவந்தோம். இப்போது தரவு இருக்கும் இடத்துக்கு எங்கள் கேள்வியை அனுப்புகிறோம். கூகிள் நிறுவனத்தின் "ஏர்த் எஞ்சின்" போன்ற தளங்களில் படங்கள் எல்லாம் அடுக்கியபடி இருக்கும். நான் இருபது வரி கட்டளை எழுதி அனுப்பினால், எங்கோ இருக்கும் ஆயிரக்கணக்கான கணினிகள் அதைப் பங்குபோட்டுச் செய்து பதிலை அனுப்பும். 2013 இல் மெத்யூ ஹான்சன் குழுவினர் இந்த முறையில் உலகத்தின் மரப்போர்வை முழுவதையும் கணக்கிட்டார்கள். 654,178 லாண்ட்சற் படங்கள். ஒரே ஒரு கணினி செய்திருந்தால் பதினைந்து ஆண்டுகள் எடுத்திருக்கும். பத்தாயிரம் கணினிகள் சில நாட்களில் முடித்தன. 2000 முதல் 2012 வரை 23 இலட்சம் சதுர கிலோமீற்றர் மரப்போர்வை போயிற்று, எட்டு இலட்சம் புதிதாக வந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. மூன்று ஆண்டு கழித்து இத்தாலியிலுள்ள ஐரோப்பிய ஆய்வு மையத்தினர் முப்பது இலட்சம் படங்களை வைத்து, 32 ஆண்டுகளில் உலகத்தின் எந்தக் குளம் எப்போது வற்றியது, எந்த அணை எப்போது நிறைந்தது என்று வரைந்தார்கள். ஏறத்தாழ 90,000 சதுர கிலோமீற்றர் நிரந்தர நீர்ப்பரப்பு மறைந்துபோயிருந்தது. இழப்பில் பெரும்பகுதி மத்திய கிழக்கிலும் மத்திய ஆசியாவிலும். ஏரல் கடலின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான், எங்கள் புவியியல் ரீச்சர் கரும்பலகையில் வரைந்து காட்டியது.

இவ்வளவும் பெருமையாகச் சொல்லக்கூடிய பகுதி. இனிச் சொல்லப்போவது அவ்வளவு இலகுவானதல்ல.

2004 டிசம்பர் 26. சுமாத்திராவுக்கு அப்பால் நிலநடுக்கம் நடந்து இரண்டு மணித்தியாலமளவில், ஜேசன் 1, டொபெக்ஸ் என்ற இரண்டு செய்மதிகள் தற்செயலாக இந்து சமுத்திரத்தைக் கடந்தன. 1,300 கிலோமீற்றர் உயரத்திலிருந்து கடல்மட்டத்தை அளப்பது அவற்றின் வேலை. அவை ஆழ்கடலில் ஓடிக்கொண்டிருந்த சுனாமி அலையை அளந்தன. உயரம் ஏறத்தாழ அறுபது சென்ரிமீற்றர். உலக வரலாற்றில் ஒரு பெரிய சுனாமி நடுக்கடலில் ஓடும்போதே அவ்வளவு தெளிவாக அளக்கப்பட்டது அதுவே முதற் தடவை. அறிவியலுக்கு அது பெரும் பொக்கிஷம். ஆனால் அந்த எண்கள் தரைநிலையத்துக்கு இறங்கி, கணக்கிடப்பட்டு, ஒருவர் கண்ணுக்குத் தெரிவதற்குப் பல மணித்தியாலங்கள் சென்றன. செய்மதி அளந்துகொண்டிருந்த அதே வேளையில்தான் அலை எங்கள் கிழக்குக் கரையை அடைந்துகொண்டிருந்தது. நிலநடுக்கம் நடந்து நாலு மணித்தியாலத்துக்குள் குவிக்பேர்ட் என்ற இன்னொரு செய்மதி களுத்துறைக் கரையைப் படமெடுத்தது. கடல் பின்வாங்கிச் சுழிப்பது அதில் துல்லியமாகத் தெரிகிறது. பாடப்புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். இந்தத் தீவில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போன நாள் அது. முல்லைத்தீவிலும் மருதங்கேணியிலும் மட்டக்களப்பிலும் எங்கள் வகுப்புத் தோழிகளின் வீடுகளும் இருந்தன.

நிலநடுக்கத்துக்கும் அலைக்கும் இடையில் இரண்டு மணித்தியாலம் இருந்தது. ஒரு கிலோமீற்றர் உள்ளே நடக்க அரை மணித்தியாலம் போதும், வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு. குறைந்தது செய்மதி அல்ல. கடலுக்கடியில் நடந்ததை அறிந்த ஒருவரிடமிருந்து கரையில் வாடி போட்டிருந்த ஒருவரிடம் போய்ச் சேரும் பாதை இல்லை. அதன் பிறகு இந்து சமுத்திர எச்சரிக்கை அமைப்பு உருவானது. நிலநடுக்கமானிகள், மிதவைகள், கடல்மட்ட அளவுகோல்கள், தொலைபேசி, கோயில் மணி, ஒலிபெருக்கி என்று சங்கிலி போல. 2012 ஏப்ரல் 11 இல் சுமாத்திராவுக்கு அப்பால் மறுபடியும் பெரிய நடுக்கம் வந்தபோது எங்கள் கரையோரச் சனம் செய்தி கேட்டு உள்ளே போனது. நல்லவேளையாக அன்று பேரலை வரவில்லை. அதைச் சிலர் வீண் அலைச்சல் என்றார்கள். என் கணக்கில் அது ஒரு வெற்றி.

படம் இருப்பது ஒரு விடயம், அதை ஒருவர் பார்ப்பது இன்னொன்று, பார்த்தபின் ஏதாவது நடப்பது மூன்றாவது. வன்னியின் கடைசி மாதங்களையும் செய்மதிகள் எடுத்தன. 2009 இல் ஐக்கிய நாடுகளின் நிபுணர்கள் உட்படப் பலர் அவற்றை ஆராய்ந்தார்கள். இந்தச் சபையில் அதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை.

மூன்றாவது நடந்த இடமும் உண்டு. பிரேசிலின் விண்வெளி ஆய்வு நிறுவனம் 2004 இல் அமேசன் காட்டுக்கு ஓர் எச்சரிக்கை முறையைத் தொடங்கியது. அவர்கள் பயன்படுத்திய படம் மிகவும் சொரசொரப்பானது; எங்கள் நாலு பேர்ச்சஸ் சதுரத்தோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் அடிக்கடி வரும். எங்கே மரம் விழுகிறது என்று கண்டவுடன் வன அதிகாரிகளுக்குச் செய்தி போகும், அவர்கள் வாகனம் எடுத்துப் போவார்கள், அபராதம் விதிப்பார்கள். 2004 இல் ஆண்டுக்கு 27,772 சதுர கிலோமீற்றராக இருந்த காடழிப்பு 2012 இல் 4,571 ஆகக் குறைந்தது. சட்டமும் சந்தைக் கட்டுப்பாடும் சேர்ந்தே செய்த வேலை, படம் மட்டுமல்ல. பிற்பாடு, 2019 இல், காடழிப்பு கூடுகிறது என்ற எண்களை நாட்டின் ஜனாதிபதி ஏற்க மறுத்தார். எண்களை விட்டுக்கொடுக்காத நிறுவனத் தலைவர் றிக்கார்டோ கல்வாவோ பதவி நீக்கப்பட்டார். தலைவரை நீக்க முடிந்தது. படங்கள் எல்லோருக்கும் திறந்திருந்தபடியால் உலகத்தில் எவரும் அந்தக் கணக்கைத் தாங்களே சரிபார்க்க முடிந்தது. இலவசம் என்ற சொல்லின் உண்மையான பெறுமதி எனக்கு விளங்கியது அப்போதுதான். காசு மிச்சம் என்பதல்ல அது.

இனித் தரவைக்கு வருகிறேன்.

கணினிக்கு நிலம் தெரியாது. மனிதர் சில ஆயிரம் இடங்களுக்குப் பெயர் சொல்லிக் கொடுக்க வேண்டும்: இந்த எண்கள் வயல், இந்த எண்கள் காடு, இந்த எண்கள் ஊர். அதைப் பார்த்துப் பழகிக்கொண்டு மிச்ச உலகத்துக்கு அதுவே நிறம் தீட்டும். ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2020 ஆம் ஆண்டுக்கென வெளியிட்ட உலக நிலப்போர்வை வரைபடம் பத்து மீற்றர் நுணுக்கம் கொண்டது, அருமையான வேலை, நானும் தினமும் பயன்படுத்துகிறேன். அதில் மொத்தம் பதினொரு வகை. மரம், பற்றை, புல், பயிர், கட்டடம், வெறுநிலம், பனி, நிரந்தர நீர், சதுப்பு, கண்டல், பாசி. சராசரியாக நாலு இடத்தில் மூன்று இடம் சரி என்று அதைச் செய்தவர்களே அளந்து சொல்லியிருக்கிறார்கள்.

இந்தப் பதினொன்றில் தரவை எங்கே? மார்கழிப் படத்தைப் பார்த்தால் நீர். ஆவணிப் படத்தைப் பார்த்தால் வெறுநிலம். இடையில் சில வாரம் புல். வெளிநாட்டில் என்னோடு வேலை செய்யும் ஓர் இளைஞர் ஒருநாள் குடாநாட்டின் படத்தை வைத்துக்கொண்டு, "உங்கள் ஊரில் பாலைவனம் இருக்கிறதா?" என்று கேட்டார். அவர் கையில் இருந்தது கோடைகாலப் படம். அவர் கெட்டிக்காரர், கேள்வியும் நியாயமானது. வெறுநிலம் என்று ஒரு வரைபடத்தில் விழுந்துவிட்டால், அடுத்த நிலையில் உள்ளவர் அதைப் பயனற்ற நிலம் என்று வாசிப்பார்; அதற்கடுத்தவர் அங்கே என்ன கட்டலாம் என்று யோசிப்பார். மாரி வெள்ளம் தங்கி வடிகிற இடம் அது, மண் போட்டு நிரப்பினால் தண்ணீர் வேறு யாருடைய வளவுக்கோ போகும் என்பதை அந்த எண் சொல்லாது. எங்கள் ஆச்சிமார் ஒரே சொல்லில் சொன்னார்கள். அந்தச் சொல்லுக்குப் பட்டியலில் இடமில்லை.

மரம் என்ற வகையும் அப்படித்தான். பனங்கூடலும் சிங்கராஜ வனமும் ஒரே நிறம். ஹான்சன் குழுவின் வரைபடம் வெளிவந்தவுடனேயே வேறு ஆய்வாளர்கள் இதைச் சுட்டிக்காட்டினார்கள்: இறப்பர்த் தோட்டமும் எண்ணெய்ப்பனைத் தோட்டமும் காடாகிவிடுகின்றன, தோட்டக்காரன் பழைய இறப்பரை வெட்டிப் புதிது நட்டால் காடு அழிந்ததாகக் கணக்கு வரும் என்று. ஹான்சன் குழு சொன்னது மரப்போர்வை. செய்தியில் போட்டது காடு. சொல் மாறும்போது பொருளும் மாறுகிறது.

இதைவிட என்னைத் தூங்கவிடாத ஓர் உதாரணம் இருக்கிறது. வலிகாமம் வடக்கில் 1990 இல் சனம் எழும்பிப் போனது. வீடுகளின் கூரை போயிற்று, வளவுகள் பற்றைக்காடாகின, கிணற்றுக்குள் ஆலமரம் முளைத்தது. செய்மதியின் எண்ணில் பச்சை கூடுவதை "முன்னேற்றம்" என்று எழுதும் வழக்கம் எங்கள் துறையில் பரவலாக உண்டு. அப்படி எழுதினால், இருபது வருடமாக ஒருவரும் வீட்டில் இல்லை என்பது முன்னேற்றமாகும். காணி விடுவிக்கப்பட்டு, சனம் திரும்பி வந்து, பற்றை வெட்டி, அத்திவாரம் போட்டு, வெங்காயம் நட்டால், அதே எண்ணில் பச்சை குறையும். அது "சீரழிவு" ஆகும். எண் பொய் சொல்லவில்லை. பச்சை கூடியது உண்மை, குறைந்ததும் உண்மை. என்ன நடந்தது என்பதை மட்டும் அங்கே இருந்தவர்களிடம் கேட்க வேண்டும். அப்படிக் கேட்க ஆளில்லாத இடங்கள் உலகத்தில் எத்தனை இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

வெள்ளத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இன்னும் உயிரோடு சம்பந்தப்பட்டது. மாரியில் வானம் முழுவதும் முகில். சாதாரண செய்மதிக்கு முகில்தான் தெரியும். அதனால் ராடார்ச் செய்மதியைப் பயன்படுத்துகிறோம். அது தானே அலையை அனுப்பித் தானே கேட்டுக்கொள்ளும். முகிலும் இருட்டும் அதற்குத் தடையில்லை. அமைதியான தண்ணீர் அலையை அப்பால் தெறித்துவிடுவதால் படத்தில் கறுப்பாகத் தெரியும். 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தண்ணீரில் நின்றது நினைவிருக்கும். அப்படியான நேரத்தில் எங்கெல்லாம் கறுப்போ அங்கெல்லாம் வெள்ளம் என்று கணினி சொல்லும். ஆனால் குளமும் கறுப்பு, வெள்ளமும் கறுப்பு. இன்னொரு தொல்லையும் உண்டு. காலபோக நெல் மார்கழியில் நிமிர்ந்து நிற்கும். அதன் காலடியில் வெள்ளம் நின்றால் அலை தண்ணீரிலும் தண்டிலும் பட்டுத் திரும்பி வந்து, படம் கறுப்பதற்குப் பதிலாக வெளுக்கும். விதைத்த நாள் தெரிந்தவருக்கு இது விளங்கும். தெரியாதவர் அந்த வயல்களைக் காய்ந்த நிலம் என்று குறித்துவிடுவார், அந்தக் கமக்காரருக்கு நட்டஈட்டுப் பட்டியலில் இடம் இல்லாமற் போகும். விதைத்த நாளைச் செய்மதியிடம் கேட்பதை விடக் கமக்கார அமைப்புச் செயலாளரிடம் கேட்பது விரைவு.

கிணற்றுத் தண்ணீரைப் பற்றியும் கேட்பீர்கள், யாழ்ப்பாணத்தில் கேட்காமல் இருப்பார்களா? கிறேஸ் என்று இரட்டைச் செய்மதிகள் 2002 இல் ஏவப்பட்டன. 2017 வரை ஒன்றின் பின் ஒன்றாக 220 கிலோமீற்றர் இடைவெளியில் ஓடின. கீழே பாரம் கூடிய இடம் வந்தபோது முன்னது சற்று இழுபட்டது, இடைவெளி மாறியது. தலைமயிரின் தடிப்பை விடச் சிறிய மாற்றத்தையும் அளந்தன. நிலத்தடி நீர் குறைந்தால் பாரம் குறையும் அல்லவா? மத்தியூ ரொடெல், இசபெல்லா வெலிக்கோனா, ஜேம்ஸ் பமிலியெற்றி என்ற மூவரும் இப்படித்தான் 2009 இல் கண்டார்கள்: ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா மூன்றிலும் ஆறு ஆண்டுகளில் 109 கன கிலோமீற்றர் நிலத்தடி நீர் போய்விட்டது. பூமியைத் தராசில் வைத்துப் பார்த்ததுபோல. ஆனால் அந்தத் தராசுக்குச் சில நூறு கிலோமீற்றர் அகலமான நிலம் வேண்டும். எங்கள் குடாநாடு முழுவதும் ஆயிரம் சதுர கிலோமீற்றர் அளவுதான். சுண்ணக்கல்லுக்குள் உப்புத்தண்ணீருக்கு மேல் மெல்லிய படையாக மிதக்கும் எங்கள் நன்னீர் அதற்குத் தெரியவே தெரியாது. பசளையிலிருந்து இறங்கும் நைத்திரேற்று எந்தச் செய்மதிக்கும் தெரியாது. அதற்குக் கயிறும் வாளியும் போத்தலும்தான்.

பிள்ளைகளே, இந்தத் துறைக்குக் கணிதம் படித்தவர் வேண்டும், கணினி படித்தவர் வேண்டும். புவியியலும் விவசாயமும் படித்தவரும் அதே அளவுக்கு வேண்டும். "தொலையுணர்வு" என்று நாங்கள் மொழிபெயர்த்து வைத்திருக்கும் அந்த ஆங்கிலச் சொல்லை உருவாக்கியவரே எவலின் புரூயிட் என்ற பெண் புவியியலாளர்தான். கலைப்பிரிவு எடுத்தால் எதிர்காலம் இல்லை என்று வீட்டில் சொல்பவர்களுக்கு இந்தப் பெயரையும் சொல்லுங்கள்.

நான் வெறுங்கையோடு வரவில்லை. புவியியல் ஆசிரியைகளோடு பேசி ஒரு சிறு வேலையைத் தொடங்கியிருக்கிறோம். சென்ரினல் 2 எங்கள் பக்கம் கடப்பது காலை பத்தரை மணியளவில். கல்லூரியில் இடைவேளை மணி அடிக்கும் நேரம். உயர்தரப் பிள்ளைகள் தங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒவ்வோர் இடத்தைத் தெரிந்தெடுத்து, வருடத்தில் நாலு தடவை, செய்மதி கடக்கும் நாளில் அங்கே என்ன இருக்கிறது என்று எழுதுவார்கள். பதினொரு வகையில் அல்ல. தோட்டம், வயல், வடலி, பனங்கூடல், தரவை, ஆள் இல்லாத வளவு, ஆள் திரும்பி வந்த வளவு என்று எங்கள் சொல்லில். பின்னர் அதை உலக வரைபடங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். எங்கே பொருந்தவில்லையோ, அதை அந்த வரைபடங்களைச் செய்கிறவர்களுக்கு அனுப்புவோம். அவர்கள் இப்படியான திருத்தங்களை விரும்பி ஏற்பார்கள், பலரை எனக்குத் தெரியும்.

கடந்த காலத்துக்குத்தான் வெளிநாட்டிலிருக்கும் அக்காமார் தங்கைமாரின் உதவி வேண்டும். 1972 முதலான படங்கள் இருக்கின்றன, ஆனால் ஆரம்ப காலத்தவை இருபத்தைந்து பரப்புச் சதுரங்கள். இடையிடையே இல்லாத ஆண்டுகளும் பல. அவற்றை வாசிக்க, அந்தக் காலத்தில் நிலம் எப்படி இருந்தது என்று காட்டும் தரைச் சாட்சி வேண்டும். ஊரில் அது பெரும்பாலும் இல்லை. 1995 ஒக்டோபரில் வெளிக்கிட்டபோது யார் அல்பத்தைத் தூக்கினோம்? ஆனால் அதற்கு முன்னர் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் சிட்னிக்கும் கடிதத்தோடு அனுப்பிய படங்கள் அங்கே பத்திரமாக இருக்கின்றன. மாமா சைக்கிளோடு நிற்கும் படம், சாமத்தியவீட்டுப் படம், கடற்கரைக்குப் போன வகுப்புப் படம். நீங்கள் முகங்களைப் பார்ப்பீர்கள். நாங்கள் முகங்களுக்குப் பின்னால் இருப்பதைப் பார்ப்போம். பின்னால் புகையிலைத் தோட்டம் தெரியும், குளம் தெரியும், வேலிக்கு அப்பால் பனங்கூடல் தெரியும்.

படத்தைக் கொடுத்துவிட வேண்டாம், பிரதி எடுத்து அனுப்பினால் போதும். சங்கத்தின் முகவரி இந்த மலரின் முதற் பக்கத்தில் இருக்கிறது. ஊரின் பெயர், முடிந்தால் ஒழுங்கையின் பெயர், எந்தப் பக்கம் பார்த்து எடுத்தது, எந்த ஆண்டு என்று எழுதுங்கள். ஆண்டு சரியாக நினைவில்லாவிட்டால் யாருடைய கலியாணத்துக்கு முந்தியது, யாருடைய கலியாணத்துக்குப் பிந்தியது என்று எழுதினாலும் போதும். அதை வைத்து நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம்.